தேசத் துரோகம்: குற்றமும் சட்ட விளைவுகளும்

'தேசத் துரோகம்' என்பது பொதுமக்கள் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் அடிக்கடி இடம்பெறும் சொல். ஆயினும், இந்தியாவின் குற்றவியல் சட்டத்தில் இப்பெயரில் தனியொரு குற்றம் வரையறுக்கப்படவில்லை. அரசுக்கு எதிரான குற்றங்கள் பலவற்றைச் சட்டம் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கூறுகளையும் தண்டனையையும் வகுத்துள்ளது. அவற்றுள் தலையாயது நாட்டின் மீது போர் தொடுத்தல். மற்றொன்று, பேச்சாலும் எழுத்தாலும் அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுதல். இவ்விரண்டும் வெவ்வேறு குற்றங்கள். எனினும் தமிழில் முன்பு 'ராஜத் துரோகம்' என்றும், பின்னர் 'தேசத் துரோகம்' என்றும் இரண்டும் ஒரே பெயரால் வழங்கி வந்துள்ளன.

இப்பெயர் மயக்கம் நடைமுறையில் கடும் விளைவுகளைத் தரக்கூடியது. முதற் குற்றத்திற்கு மரண தண்டனை வரை விதிக்கலாம். இரண்டாவதாகக் கூறியதோ, குடிமகனின் கருத்துரிமையோடு நேரடியாகத் தொடர்புடையது. ஒருவர் செய்தது நாட்டிற்கு எதிரான செயலா, ஆட்சியில் இருப்போருக்கு எதிரான கருத்தா என்று பிரித்தறிவதே இத்துறைச் சட்டத்தின் உயிர்நாடி. சட்டம் பயில்வோரும், வழக்குப் பதிவு செய்யவும் அனுமதி வழங்கவும் அதிகாரம் பெற்ற அலுவலர்களும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருத்தல் இன்றியமையாதது.

இங்கிலாந்தின் மரபு

இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டு மன்னர் காலத்தில் 1351-இல் இயற்றப்பட்ட துரோகச் சட்டமே இத்துறையில் முதன்மையான பழைய சட்டமாகும். மன்னரைக் கொல்ல எண்ணுதல், மன்னருக்கு எதிராக அவரது நாட்டிலேயே போர் புரிதல், மன்னரின் பகைவரோடு சேர்ந்து அவர்களுக்கு உதவுதல் ஆகியவை அதில் கூறப்பட்ட முக்கியக் குற்றங்கள். இவற்றிற்கு அடிப்படையாக அமைந்தது விசுவாசக் கடப்பாடு. மன்னரின் பாதுகாப்பைப் பெறுபவன் அவருக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவன். அக்கடமையை மீறுபவனே துரோகி. இக்குற்றத்திற்கான மரண தண்டனை இங்கிலாந்தில் 1998-இல்தான் நீக்கப்பட்டது.

அமெரிக்க அரசியலமைப்பை வகுத்தவர்கள் இக்குற்றச்சாட்டு அரசியல் எதிரிகளை ஒழிக்கும் கருவியாகப் பயன்பட்டதை உணர்ந்திருந்தனர். ஆகவே, குற்றத்தின் வரையறையை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தனர். போர் தொடுத்தல், பகைவரோடு சேர்ந்து அவர்களுக்கு உதவுதல் ஆகிய இரண்டு மட்டுமே அங்குத் துரோகமாகும். வெளிப்படையான ஒரே செயலுக்கு இரு சாட்சிகள் இருத்தல் வேண்டும். அல்லது, குற்றவாளி நீதிமன்றத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். மனத்தில் உள்ள பகையோ வாயில் எழும் வசையோ மட்டும் போதாது என்பதே இதன் கருத்து.

இந்தியத் தண்டனைச் சட்டம்

மெக்காலே தலைமையில் அமைந்த சட்டக் குழுவின் 1837-ஆம் ஆண்டு வரைவை அடிப்படையாகக் கொண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆறாம் அத்தியாயம் அரசுக்கு எதிரான குற்றங்களைப் பற்றியது. இங்கிலாந்தின் விசுவாசக் கோட்பாடு இதில் அப்படியே இடம்பெறவில்லை. 121-ஆம் பிரிவு 'எவரேனும்' என்ற சொல்லோடு தொடங்கியது. ஆதலின் இந்தியக் குடிமகன் மட்டுமன்றி, இந்தியாவின் மீது போர் தொடுக்கும் அயல்நாட்டவரும் இக்குற்றத்திற்கு உட்படுவர். இந்தியச் சட்டம் விசுவாசத்தை அளவிடாமல் செயலையும் அதன் நோக்கத்தையும் அளவிடுகிறது என்பதற்கு இச்சொல்லே சான்று.

2024 ஜூலை 1 முதல் இச்சட்டத்திற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, 2023 நடைமுறையில் உள்ளது. பழைய ஆறாம் அத்தியாயத்தின் பெரும்பகுதி புதிய சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தில் 147 முதல் 158 வரையிலான பிரிவுகளாக அமைந்துள்ளது. புதிய சட்டம் நடைமுறைக்கு வருமுன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

போர் தொடுத்தல் என்பது யாது?

சட்டம் 'போர்' என்ற சொல்லுக்கு வரையறை தரவில்லை. அதன் பொருளை நீதிமன்றங்களே வழக்குக்கு வழக்கு தெளிவாக்கின. இத்தனை பேர் கூடியிருக்க வேண்டும் என்ற கணக்கில்லை. ஆயுதங்களின் அளவும் வகையும் முடிவானவை அல்ல. எந்த நோக்கத்தோடு கூடினர் என்பதே உரைகல். அரசின் இறையாண்மையைத் தாக்கும் பொது நோக்கம் ஒன்றைப் பலாத்காரத்தால் அடைய முயன்றிருந்தால் அது போர். தனிப் பகை தீர்க்கவோ, குறிப்பிட்ட ஒரு குறையைப் போக்கிக்கொள்ளவோ நடந்த கைகலப்பு கலவரம் மட்டுமே. கலவரக்காரர்களுக்கும் போர் தொடுத்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உள்ளது.

இக்குற்றச்சாட்டின் வரலாற்றில் டெல்லி செங்கோட்டைக்குத் தனியிடம் உண்டு. 1857 கிளர்ச்சிக்குப் பின், கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் 1858 ஜனவரி முதல் மார்ச் வரை அங்கு இராணுவ ஆணையம் ஒன்றினால் விசாரிக்கப்பட்டார். ஆங்கில ஆட்சியிடம் ஓய்வூதியம் பெற்றவர், அவ்வாட்சிக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. உயிருக்கு முன்பே உறுதியளிக்கப்பட்டிருந்தமையால் அவர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862-இல் அங்கேயே காலமானார்.

அதே கோட்டையில் 1945 நவம்பரில் இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். தனி அரசும் முறையான படையும் அமைத்து விடுதலைக்காகப் போரிடும் மக்களுக்குச் சர்வதேசச் சட்டப்படி போர் உரிமை உண்டு. அவர்களை உள்நாட்டுத் தண்டனைச் சட்டத்தால் விசாரிக்க இயலாது என்று புலாபாய் தேசாய் வாதிட்டார். நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. மூவருக்கும் ஆயுட்கால நாடு கடத்தல், பதவி நீக்கம், நிலுவைச் சம்பளப் பறிமுதல் ஆகியவை விதிக்கப்பட்டன. ஆனால் நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பின் பின்னணியில், தலைமைத் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரியில் நாடு கடத்தும் தண்டனையை ரத்து செய்தார். பதவி நீக்கமும் சம்பளப் பறிமுதலும் நிலைத்தன.

விடுதலைக்குப் பின் இக்குற்றத்தின் பொருளை உச்ச நீதிமன்றம் இரு வழக்குகளில் விரிவாக ஆராய்ந்தது. 2001 டிசம்பர் 13-இல் நாடாளுமன்றத்தின் மீது நடந்த தாக்குதல் பற்றிய வழக்கில் 2005-இல் தீர்ப்பு வந்தது. 'போர்' என்பது நாடுகளுக்கிடையே படைகள் மோதுவதை மட்டும் குறிப்பதன்று. இறையாண்மையின் சின்னமாகிய நாடாளுமன்றத்தைத் தாக்குதலும் போர் தொடுத்தலே என்று நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு ஓர் எச்சரிக்கையையும் விடுத்தது: மன்னராட்சிக் காலத்து ஆங்கிலத் தீர்ப்புகளின் பரந்த விளக்கத்தை இக்காலத்தில் அப்படியே கையாளலாகாது, தம் குறைகளுக்காகத் திரளும் கூட்டம் வன்முறையில் இறங்கினால்கூட அதனைப் போர் என்று கொள்வது பொருந்தாது.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதல் வழக்கில் வேறொரு வினா எழுந்தது. தாக்கப்பட்டவர்கள் பொதுமக்களே; அரசாங்கத்தின் மீது போர் தொடுக்கப்படவில்லை என்பது எதிர்த்தரப்பு வாதங்களுள் ஒன்று. 2012 ஆகஸ்ட் 29-இல் உச்ச நீதிமன்றம் இதனை மறுத்தது. இப்பிரிவில் வரும் 'இந்திய அரசாங்கம்' என்ற தொடர் இறையாண்மை கொண்ட இந்திய நாட்டைக் குறிக்கிறது. ஆட்சிப் பொறுப்பில் இருக்கும் அமைச்சரவையை மட்டும் குறிப்பதன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். மக்களைத் தாக்கி நாட்டைப் பணியவைக்க முயல்வதும் ஆகவே போரே. நாடு வேறு, ஆட்சி வேறு என்ற கோட்பாடு இங்குக் குற்றத்தின் கடுமையை நிலைநாட்டப் பயன்பட்டது. அதே கோட்பாடு, பேச்சு பற்றிய வழக்குகளில் குடிமகனைக் காக்கப் பயன்பட்டுள்ளது.

பேச்சும் எழுத்தும்

அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டும் குற்றம் மெக்காலேயின் வரைவில் இருந்தும், 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. 1870-இல் 124-அ என்ற பிரிவாக அது சேர்க்கப்பட்டது. அரசின்பால் 'அதிருப்தி' உண்டாக்குதல் என்ற சொல்லே அதன் மையம். 1897-இல் பாலகங்காதர திலகர் மீது நடந்த வழக்கில் நீதிபதி ஸ்ட்ராச்சி, அன்பின்மையே அதிருப்தி என்று பொருள் கூறினார். இவ்விளக்கத்தின்படி கலவரம் விளையவேண்டியதில்லை. கலவரத்தைத் தூண்டும் முயற்சியும் தேவையில்லை. அரசை வெறுக்கும் உணர்வை எழுப்ப முயன்றாலே குற்றமாயிற்று.

இதன் விளைவுகளைத் தேசிய இயக்கம் முழுமையாக அனுபவித்தது. திலகர் 1908-இல் மீண்டும் தண்டிக்கப்பட்டு ஆறாண்டுகள் மாண்டலேயில் வைக்கப்பட்டார். அதே ஆண்டு தூத்துக்குடியில் ஆற்றிய உரைகளுக்காக வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலி அமர்வு நீதிமன்றம் ஆயுட்கால நாடு கடத்தல் விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஆறாண்டாகக் குறைத்தது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுக்க நேர்ந்தது. வழக்கறிஞர் தொழில் உரிமத்தையும் இழந்தார். 1922-இல் அகமதாபாத்தில் விசாரிக்கப்பட்ட காந்தியடிகள், குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு, அன்பைச் சட்டத்தால் உண்டாக்க இயலாது என்ற கருத்தை நீதிமன்றத்தில் முன்வைத்தார். அவருக்கும் ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அரசியலமைப்பு வகுத்த எல்லை

இவ்வரலாற்றை அரசியல் நிர்ணய சபை மறக்கவில்லை. கருத்துரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் காரணங்களுள் ஒன்றாக வரைவில் இருந்த இக்குற்றத்தின் பெயர், கே.எம்.முன்ஷி கொணர்ந்த திருத்தத்தின் பேரில் 1948 டிசம்பரில் நீக்கப்பட்டது. எனினும் தண்டனைச் சட்டத்தில் 124-அ பிரிவு நீடித்தது. பஞ்சாப் உயர் நீதிமன்றமும், பின்னர் அலகாபாத் உயர் நீதிமன்றமும் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தன. இதற்கிடையே, 1951-ஆம் ஆண்டு முதல் திருத்தம் 19(2) பிரிவில் 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தைச் சேர்த்திருந்தது. 1963-ஆம் ஆண்டு பதினாறாம் திருத்தம் 'இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும்' என்ற காரணத்தைச் சேர்த்தது.

1962 ஜனவரி 20-இல் கேதார்நாத் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் இச்சிக்கலைத் தீர்த்தது. ஆயம் பிரிவைச் செல்லத்தக்கதெனக் கொண்டபோதிலும் அதன் பொருளைச் சுருக்கியது. வன்முறைக்குத் தூண்டுதலோ, பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமோ போக்கோ இருந்தாலன்றி, அரசின் செயல்கள் மீதான கண்டனம் எவ்வளவு கடுமையாயினும் குற்றமாகாது. 'சட்டப்படி நிறுவப்பட்ட அரசு' என்பது நாட்டின் புலப்படும் உருவம். அப்போதைக்கு நிர்வாகத்தை நடத்துபவர்களிலிருந்து அது வேறானது என்றும் நீதிமன்றம் விளக்கியது.

1995-இல் முடிவான பல்வந்த் சிங் வழக்கு இவ்விதியின் பயன்பாட்டிற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1984 அக்டோபர் 31-இல், பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று, சண்டிகரில் ஒரு திரையரங்கின் முன் இருவர் பிரிவினை முழக்கங்களை எழுப்பினர் என்பது குற்றச்சாட்டு. ஓரிரு முறை எழுப்பிய முழக்கத்தினால் மக்களிடையே எவ்வித எதிரொலியும் எழாத நிலையில், அது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. முழக்கம் வெறுக்கத்தக்கதாக இருக்கலாம். ஆனால் குற்றத்தின் கூறுகள் நிறைவேறினவா என்பதே நீதிமன்றத்தின் முன்னுள்ள வினா. அவ்வினாவுக்கு இறுதி விடை கிடைக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின என்பதும் எண்ணத்தக்கது.

2022-க்குப் பின்

2022 மே 11-இல் உச்ச நீதிமன்றம், 124-அ பிரிவின்கீழ்ப் புதிய வழக்குகளைப் பதிவு செய்வதையும், புலன் விசாரணையைத் தொடர்வதையும் தவிர்க்குமாறு மத்திய, மாநில அரசுகளைக் கேட்டுக்கொண்டு, நிலுவை வழக்குகளையும் நிறுத்தி வைத்தது. 2023 செப்டம்பரில், அப்பிரிவு செல்லுமா என்ற கேள்வி குறைந்தது ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயத்துக்கு அனுப்பப்பட்டது. அதே ஆண்டு சட்ட ஆணையம் தனது 279-ஆம் அறிக்கையில், சில மாற்றங்களுடன் பிரிவைத் தக்கவைத்துக்கொள்ளப் பரிந்துரைத்தது.

பாரதிய நியாய சன்ஹிதாவில் 124-அ இல்லை. அவ்விடத்தில் 152-ஆம் பிரிவு உள்ளது. பேச்சு, எழுத்து, குறியீடு, மின்னணுத் தொடர்பு, நிதி ஆகிய வழிகளில், வேண்டுமென்றோ அறிந்தோ, பிரிவினையையும் ஆயுதக் கிளர்ச்சியையும் நாசச் செயல்களையும் தூண்டுதல், பிரிவினை உணர்வை ஊக்குவித்தல், நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஒருமைப்பாட்டிற்கும் ஊறு விளைவித்தல் ஆகியவை இதில் குற்றங்கள். 'அரசின்பால் அதிருப்தி' என்ற பழைய சொற்றொடர் மறைந்தது. அரசின் நடவடிக்கைகளைச் சட்ட வழிகளில் மாற்றும் நோக்கோடு கண்டித்தல் குற்றமாகாது என்னும் விளக்கம் தொடர்கிறது. எனினும் 'ஊறு விளைவித்தல்' போன்ற சொற்கள் விரிந்த பொருள் கொள்ள இடந்தருவன. ஆதலின் 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த அளவுகோல் இன்றும் தன் பயனை இழக்கவில்லை.

தண்டனைகள்

புதிய சட்டத்தின்படி முக்கியக் குற்றங்களும் தண்டனைகளும் பின்வருமாறு:

1. போர் தொடுத்தல், தொடுக்க முயலுதல், அதற்கு உடந்தையாயிருத்தல் (பிரிவு 147): மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை, அபராதமும் உண்டு. முயற்சிக்கும் உடந்தைக்கும் முழுக் குற்றத்திற்குரிய தண்டனையே விதிக்கப்படும்.

2. போர் தொடுக்கச் சதி செய்தல், மத்திய அல்லது மாநில அரசைப் பலாத்காரத்தால் அச்சுறுத்திப் பணியவைக்கச் சதி செய்தல் (148): ஆயுள் சிறை அல்லது பத்தாண்டுகள் வரை சிறை, அபராதம். சதியை நிறைவேற்ற எச்செயலும் நடந்திருக்க வேண்டியதில்லை.

3. போர் நோக்கத்தோடு ஆட்களையும் ஆயுதங்களையும் திரட்டுதல் (149): ஆயுள் சிறை அல்லது பத்தாண்டுகளுக்கு மேற்படாத சிறை, அபராதம்.

4. போர்த் திட்டத்திற்குத் துணைபுரியும் நோக்கோடு அதனை மறைத்தல் (150): பத்தாண்டுகள் வரை சிறை, அபராதம்.

5. குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநரை அவர்தம் அதிகாரத்தைச் செலுத்தவோ செலுத்தாதிருக்கவோ கட்டாயப்படுத்தும் நோக்கோடு தாக்குதல் (151): ஏழாண்டுகள் வரை சிறை, அபராதம்.

6. இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டிற்கும் ஊறு விளைவிக்கும் செயல்கள் (152): ஆயுள் சிறை அல்லது ஏழாண்டுகள் வரை சிறை, அபராதம்.

7. போர்க் கைதியையோ அரசியல் கைதியையோ பொது ஊழியர் வேண்டுமென்றே தப்பவிடுதல் (156): ஆயுள் சிறை அல்லது பத்தாண்டுகள் வரை சிறை, அபராதம். கவனக் குறைவால் தப்பவிட்டால் (157) மூன்றாண்டுகள் வரை மெய்க்காவல் சிறை, அபராதம்.

முற்காலத்தில் போர் தொடுத்த குற்றவாளியின் சொத்து முழுவதும் பறிமுதலாயிற்று. குற்றமற்ற குடும்பத்தினரையும் வாட்டிய அவ்விதி 1921-இல் நீக்கப்பட்டு, அபராதம் அதன் இடத்தைப் பெற்றது.

ஒற்று வேலைகளுக்கு 1923-ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டமும், படையினரின் குற்றங்களுக்கு 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் போன்றவையும், பயங்கரவாதச் செயல்களுக்கு 1967-ஆம் ஆண்டு சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமும் தனியே உள்ளன.

நடைமுறைக் காப்புகள்

தண்டனை கடுமையாக இருப்பதால் சட்டம் சில காப்புகளையும் வைத்துள்ளது. இவ்வத்தியாயக் குற்றங்களை மத்திய அல்லது மாநில அரசின் முன் அனுமதியின்றி எந்த நீதிமன்றமும் விசாரணைக்கு ஏற்கலாகாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு கூறுகிறது. ஆவணங்களையும் சான்றுகளையும் ஆராய்ந்து, குற்றக் கூறுகள் உள்ளனவா என்று முடிவு செய்வதற்காகவே அனுமதி அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது. அது வெறும் கையொப்பச் சடங்கன்று. ஆனால், இவ்வனுமதி நீதிமன்ற நிலையில்தான் தேவைப்படுகிறது. கைதுக்கு அது தேவையில்லை. 124-அ பிரிவில் பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரம் 1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தால்தான் காவல்துறைக்குக் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. அனுமதி மறுக்கப்படும் வரையிலோ, விசாரணை முடியும் வரையிலோ ஒருவர் சிறையில் கழிக்கும் காலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை.

அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால், உயர் நீதிமன்றம் உறுதி செய்த பின்னரே அதனை நிறைவேற்றலாம். குடியரசுத் தலைவரிடம் கருணை மனு அளிக்கும் உரிமையும் உண்டு. மறுபுறம், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொதுவாகக் கிடைக்கும் எதிர்வாதம் ஒன்று இங்கு இல்லை: உயிருக்கு அஞ்சிச் செய்தேன் என்ற வாதம் கொலைக்கும், மரண தண்டனைக்குரிய அரசுக்கு எதிரான குற்றத்திற்கும் செல்லாது.

தண்டனைக்கு அப்பால்

தீர்ப்போடு விளைவுகள் முடிவதில்லை. இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, தண்டனைக் காலத்திலும் விடுதலைக்குப் பின் ஆறாண்டுகளும் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நிற்கத் தகுதியிழக்கிறார். குற்றத் தீர்ப்புக்குக் காரணமான நடத்தையின் பேரில் அரசு ஊழியரைத் தனி விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்ய அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அரசுக்கு விசுவாசமின்மையால் பணிநீக்கம் பெற்றவர் ஐந்தாண்டுகள் தேர்தலில் நிற்க இயலாது. குடியுரிமையைப் பொறுத்தவரை, பதிவாலோ இயல்புரிமையாலோ அதனைப் பெற்றவர் அரசியலமைப்புக்கு விசுவாசமற்றவராக நடந்தால் 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின்கீழ் அதனை இழக்கக்கூடும். பிறப்பால் குடிமகனான ஒருவரின் குடியுரிமையை இக்காரணத்தால் பறிக்க அச்சட்டத்தில் வழியில்லை.

அலுவலர் எழுப்பவேண்டிய வினாக்கள்

மேற்கூறியவற்றிலிருந்து, இத்தகைய வழக்கொன்று மேசைக்கு வரும்போது பொறுப்புள்ள அலுவலர் மூன்று வினாக்களை எழுப்புதல் பொருத்தமாகும். முதலாவது, புகாரில் கூறப்படுவது செயலா, சொல்லா? இரண்டாவது, அது குறிவைப்பது நாட்டின் இறையாண்மையையா, ஒரு துறையின் முடிவையோ ஓர் ஆட்சியாளரையோ மட்டுமா? மூன்றாவது, சொல்லாயின், அது வன்முறையையோ ஆயுதக் கிளர்ச்சியையோ தூண்டியது அல்லது தூண்ட முனைந்தது என்பதற்குச் சான்று உள்ளதா? இவற்றிற்கு விடை காணாமல் பதிவாகும் வழக்கு நீதிமன்றத்தில் நிலைப்பதரிது.

நாட்டின் மீது உண்மையிலேயே போர் தொடுப்பவரைச் சட்டம் தன் முழு வலிமையோடும் எதிர்கொள்ளவேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்வலிமை மதிப்போடு நிலைக்கவேண்டுமாயின், அது உரிய இடத்தில் மட்டுமே கையாளப்படுதல் வேண்டும். அரசைக் கேள்வி கேட்பவரையும் நாட்டைத் தாக்குபவரையும் ஒரே சொல்லால் அழைக்கும் பழக்கம் மேடைப் பேச்சில் இருக்கலாம். கோப்பில் குறிப்பெழுதும் அலுவலரும் தீர்ப்பைப் பயிலும் மாணவரும் அவ்விருவரையும் வேறுபடுத்திக் காண்பதே சட்டம் அவர்களிடம் எதிர்பார்க்கும் கடமை.